அத்தை பெயரில் ஒரு லட்சம்: யாருக்கு, எப்படிக் கொடுப்பது?

பாலக்கோட்டுக்குப் பக்கத்து ஊர்த் தம்பி ஒருவர் கேட்டிருப்பது சுருக்கமாக இது. அவருடைய அத்தைக்கு மார்பகப் புற்றுநோய். சேலத்தில் கீமோ ஏறிக்கொண்டிருக்கிறது. வரும் ஆனியில் அத்தைக்கு அறுபது வயது நிறைகிறது. அண்ணன் தம்பி, அக்கா தங்கை என்று ஏழு பேர் சேர்ந்து ஒரு லட்சம் ரூபாய் திரட்டி, அத்தை பெயரில் ஒரு நல்ல காரியம் செய்ய நினைக்கிறார்கள். ஒருவர் ஓசூரில் கம்பெனி வேலை, ஒருவர் சிங்கப்பூர், மற்றவர்கள் ஊரோடு. அடிக்கடி போன் போட்டுக் கேட்கிற ஒரு கேன்சர் டிரஸ்ட்டுக்கு அனுப்பலாமா, முதியோர் இல்லத்தில் சாப்பாடு போடலாமா, அத்தை பெயரிலேயே அறக்கட்டளை தொடங்கலாமா, வரிச்சலுகை கிடைக்குமா என்பவை கேள்விகள்.

பல வருடம் ஆடிட்டர் ஆபீஸில் டிரஸ்ட் கணக்குகளோடு உட்கார்ந்தவன் என்பதால் வரி, ரசீது பக்கம் எனக்குக் கொஞ்சம் தெரியும். அதற்குப் பிறகு வருகிறேன். கேள்வியை முழுக்கப் படித்தேன். அத்தை என்ன சொன்னார் என்பது மட்டும் அதில் எங்கும் இல்லை.

பெரிய நோய் வந்த நாளிலிருந்து சொந்த வீட்டிலேயே ஒருவர் பேச்சு எடுபடாமல் போய்விடும். எந்த ஆஸ்பத்திரி, என்ன சாப்பாடு, யார் பார்க்க வரலாம், எவ்வளவு நேரம் உட்காரலாம் எல்லாமே மற்றவர்கள் கைக்குப் போய்விடும். இந்த ஒரு லட்சமாவது அவர் கைகாட்டுகிற பக்கம் போகட்டும். பிறந்தநாளன்று திடீரென்று சொல்லி அசத்தும் ஆசை இருந்தால் விட்டுவிடுங்கள். ஒரு சாயங்காலம் இரண்டு பேர் மட்டும் போய், "அத்தை, நாங்க இவ்வளவு சேர்த்திருக்கோம். உங்க பேர்ல யாருக்காவது கொடுக்கணும்னு ஆசை. யாருக்குன்னு நீங்களே சொல்லுங்க" என்று கேளுங்கள். "எனக்கெதுக்குப்பா இதெல்லாம்" என்றுதான் முதலில் வரும். இரண்டு நாள் பொறுங்கள், அவரே பேச்செடுப்பார்.

அப்படிக் கேட்கப் போவதற்கு முன் அத்தை மகளைத் தனியாகப் பிடித்து இரண்டு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது, நோய் பற்றி யாருக்கு என்ன தெரியும் என்பது. நம் பக்கம் எத்தனையோ வீடுகளில் நோயாளியிடமே "கட்டி", "புண்" என்றுதான் சொல்லி வைத்திருப்பார்கள். அத்தைக்குத் தெரிந்திருக்கலாம், சம்பந்தி வீட்டுக்குத் தெரியாமல் இருக்கலாம். கல்யாணத்துக்கு ஒரு பெண் இருக்கிற வீட்டில் "அம்மாவுக்குக் கேன்சராம்" என்ற பேச்சு வெளியே போகக் கூடாது என்று வாயைக் கட்டிக்கொண்டிருப்பார்கள். அது சரியா தப்பா என்று விவாதிக்கிற இடம் இதுவல்ல. ஆனால் புற்றுநோய் அமைப்பு ஒன்றின் ரசீதில், நன்றிக் கடிதத்தில், அவர்கள் பேஸ்புக் பக்கத்தில் அத்தையின் பெயரும் ஊரும் வந்தால், அந்த வீடு மூடி வைத்திருந்ததை நீங்கள் திறந்துவிட்டீர்கள் என்றாகும். பெயர் போடலாம், நோயைச் சொல்ல வேண்டாம். அல்லது பெயரே வேண்டாம், "ஒரு குடும்பத்தார்" என்று போட்டால் போதும். நன்கொடை கொடுப்பதற்கு யாருடைய நோய் விவரமும் சட்டப்படி தேவையில்லை.

இதோடு ஒட்டிய இன்னொன்று. உயிரோடு இருக்கிறவர் பெயரில் தர்மம் என்றால் வீட்டுப் பெரியவர்களுக்கு நெருடும். தெவசம் கொடுக்கிற மாதிரி இருக்கிறது என்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. பல அமைப்புகளின் ரசீதுப் புத்தகத்தில் "இன்னாரின் நினைவாக" என்று அச்சடித்தே வைத்திருப்பார்கள். இல்லத்துக் கரும்பலகையில் பெயருக்கு முன்னால் "அமரர்" என்று பழக்கதோஷத்தில் எழுதிவிடுகிற ஆளும் உண்டு. "60ஆம் பிறந்தநாளை ஒட்டி" என்றோ "உடல்நலம் வேண்டி" என்றோ எழுத வேண்டிய வாசகத்தை நீங்களே ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள், எழுதியபின் படித்தும் பாருங்கள்.

இரண்டாவது விஷயம் அத்தை வீட்டு நிலைமை. மாமாவிடம் கேட்டால் "எல்லாம் நல்லாத்தான் போகுது" என்பார். மகளிடம் கேளுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கிறதா? ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சைக்குக் கிடைக்கிறது. கீமோவும் கதிர்வீச்சும் அதில் அடக்கம். ஆனால் நோய் என்னவென்று முடிவாகும் முன்பு வெளியே எடுத்த ஸ்கேன்கள், கார் வாடகை, துணைக்குப் போனவரின் செலவு, தோட்டத்தைக் குத்தகைக்கு விட்ட நஷ்டம் இவையெல்லாம் எந்த அட்டையிலும் வராது. அத்தையின் நகை கூட்டுறவு வங்கியில் அடகில் கிடக்கும்போது மருமக்கள் ஊருக்கு அன்னதானம் போட்டால் அது நன்றாக இருக்காது. அப்படி ஒரு நிலைமை என்றால் முதல் ஐம்பதாயிரத்தை அங்கே போடுங்கள். கையில் கொடுத்தால் வாங்க மாட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். கையில் கொடுக்க வேண்டாம். கார் ஓட்டுகிற தம்பிக்கு நேராகக் கட்டிவிடுங்கள், மருந்துக்கடைக் கணக்கை முடித்துவிடுங்கள், மாங்காய்ச் சீசனில் ஆள் கூலியை ஓசூர் அண்ணன் பார்த்துக்கொள்ளட்டும். இதைத் தர்மக் கணக்கில் சேர்க்காதீர்கள், வெளியேயும் சொல்லாதீர்கள்.

வீடு ஓரளவு சமாளிக்கிறது என்றால், இனி ஒரு லட்சத்துக்கு வருவோம்.

நோயின் பெயரைப் பார்த்துக் கொடுக்காதீர்கள், அந்த நோயில் எது குறைந்தது என்று பார்த்துக் கொடுங்கள். இதுதான் நான் சொல்ல வந்ததே. அத்தைக்கு இப்போது அது நம் எல்லோரையும் விட நன்றாகத் தெரியும். மார்பகப் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை கீமோ கொடுப்பார்கள், சில மாதங்களுக்கு. தர்மபுரியிலிருந்து சேலம் 65 கிலோமீட்டர். மூன்று வாரத்துக்கு ஒரு நாள் என்றால் எப்படியாவது போய் வந்துவிடலாம். அதன்பின் கதிர்வீச்சு என்று வந்தால் கதை வேறு. வாரத்தில் ஐந்து நாள், மூன்று முதல் ஐந்து வாரம், தினமும் மேசையில் படுப்பது சில நிமிடம்தான். அந்தச் சில நிமிடத்துக்காக அஞ்செட்டியிலிருந்தோ பென்னாகரத்துக்கு அப்பாலிருந்தோ ஒரு அம்மா தினமும் சேலத்துக்கும் பெங்களூருக்கும் வேலூருக்கும் போய்த் திரும்ப முடியுமா? அங்கேயே தங்க வேண்டும். நோயாளிக்கு வார்டில் சாப்பாடு உண்டு, கூட இருப்பவருக்கு இல்லை. கூட இருப்பவர் அன்றாடக் கூலி என்றால் அந்த ஒரு மாதம் வீட்டில் உலை வைப்பது எப்படி? சிகிச்சையைப் பாதியில் விட்டவர்களிடம் பேசிப் பார்த்தால் மருந்து விலையைவிட வண்டிக்காசும், போன கூலியும், வீட்டில் விட்டு வந்த பிள்ளைகளும்தான் பேச்சில் முன்னால் வரும்.

சலுகைகள் இல்லாமலில்லை. சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ரயிலில் ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் கட்டணமே கிடையாது, துணைக்குப் போகிறவருக்கு முக்கால் பங்கு தள்ளுபடி. மருத்துவமனையில் அதற்கான படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். தர்மபுரிக்காரர்களுக்கு இது உதவும். கிருஷ்ணகிரி நகரத்துக்கு ரயிலே கிடையாது, அங்கிருப்பவர்களுக்கு ஏட்டுச் சுரைக்காய்தான். நகரப் பேருந்தில் பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து கட்டணமில்லை. ஆனால் மாவட்டம் தாண்டும் பஸ்ஸில் டிக்கெட் எடுத்தாக வேண்டும்.

ஆகவே அத்தையிடம் "எந்த டிரஸ்ட்டுக்குக் கொடுக்கலாம்" என்று கேட்காதீர்கள், அது அவருக்கு எப்படித் தெரியும்? "பக்கத்துக் கட்டில்ல யாரைப் பார்த்தீங்க, அவங்க எதுக்குக் கஷ்டப்பட்டாங்க" என்று கேளுங்கள். ஊசி போட்டுக்கொண்டு நாலு மணி நேரம் படுத்திருப்பவருக்குப் பக்கத்தில் நடப்பது அத்தனையும் தெரியும். வந்துபோகக் காசில்லாத ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்வார், படிக்கட்டில் படுத்துக் கிடந்த ஒரு கணவனைப் பற்றிச் சொல்வார். அதுதான் உங்களுக்கு முகவரி. பிறகு அந்த மருத்துவமனையின் சமூகப் பணியாளரைப் போய்ப் பாருங்கள். பெரிய மருத்துவமனைகளில் அப்படி ஒருவர் இருப்பார். ஏழை நோயாளிகளின் பயணத்துக்கும் தங்கலுக்கும் தனி நிதி இருக்கிறதா, அதில் குறிப்பிட்டுச் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள். அரசு மருத்துவமனை என்றால் நோயாளர் நலச் சங்கம் என்று ஒன்று இருக்கும். கொடுப்பதை அதன் வழியாக, ரசீதோடு கொடுங்கள். பொருளாகக் கொடுத்தால் ஸ்டாக் பதிவேட்டில் ஏறியதா என்று பார்த்துவிட்டு வாருங்கள். வார்டு வாசலில் நின்று யார் கையிலாவது திணித்துவிட்டு வருவது வேண்டாம்.

இன்னொரு இடம் பலருக்குத் தோன்றுவதில்லை. ஆஸ்பத்திரியால் இனி பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது என்று வீட்டுக்கு வந்துவிட்டவர்கள். "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியதே நம் பக்கத்தில்தான், சூளகிரிப் பக்கம் சாமனப்பள்ளியில். சர்க்கரை, பிரஷர் மாத்திரையை வீட்டில் கொண்டுவந்து கொடுக்கிற திட்டம் என்றுதான் பெரும்பாலோர் நினைத்திருக்கிறார்கள். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களை வீட்டில் போய்ப் பார்க்கிற நர்சும் அதில் உண்டு. எந்த வீட்டில் யார் புண்ணோடு கிடக்கிறார்கள், யாருக்குக் காற்று மெத்தை வேண்டும், யாருக்குக் கம்மோடு நாற்காலி வேண்டும் என்று அந்த நர்சைவிட விவரமாகச் சொல்லக்கூடிய ஆள் ஒரு வட்டாரத்தில் கிடையாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்க் கேளுங்கள். காற்று மெத்தை, சக்கர நாற்காலி, மடக்குக் கட்டில் என்று நாலைந்து பொருள் வாங்கி, தேவைப்படும் வீட்டுக்குக் கொடுத்து, தேவை முடிந்ததும் திரும்ப வாங்கி, கழுவி அடுத்தவருக்குக் கொடுப்பதற்கு ஒரு லட்சத்தில் கணிசமாகச் செய்யலாம். யார் வீட்டில் வைப்பது, யார் கணக்கு வைப்பது என்பதை மட்டும் முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் வாங்கலாம் என்று ஏழு பேரில் ஒருவர் கட்டாயம் சொல்வார். பில்டர் மாற்ற வேண்டும், சர்வீஸ் பார்க்க வேண்டும், கரண்ட் போனால் மாற்று வேண்டும். கேட்காமல் வாங்கிக் கொடுக்காதீர்கள்.

பெரிய நிறுவனத்துக்கே கொடுத்துவிடலாம் என்று அத்தை சொன்னால் அதிலும் தவறில்லை. அடையாறு புற்றுநோய் மருத்துவமனையே ஒரு உறவினரின் நோயில் முளைத்ததுதான். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கையை 1923இல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். முப்பது வருடம் கழித்து, 1954இல், பன்னிரண்டு படுக்கையோடு அந்த மருத்துவமனை திறந்தது. வேலூரில் சி.எம்.சி.யின் கண் மருத்துவமனை இருக்கும் ஷெல் வளாகமும் அப்படி வந்த பெயர்தான். இறந்துபோன மனைவியின் பெயரில் ஷெல் என்ற நியூயார்க் வங்கிக்காரர் கொடுத்த 10,000 டாலரில் 1902இல் எழுந்தது. நம் மாவட்டத்துக்குள்ளேயே வேண்டும் என்றால், அரூருக்கு அப்பால் சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் நடுவே சிட்லிங்கியில் ரெஜி ஜார்ஜ், லலிதா என்ற மருத்துவத் தம்பதி 1993இல் தொடங்கிய பழங்குடி மக்களுக்கான மருத்துவமனை இருக்கிறது. ஒருநாள் வண்டி எடுத்துப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். பெரிய இடத்தில் உங்கள் ஒரு லட்சம் கடலில் கரைத்த பெருங்காயம்தான், ஆனால் கணக்குக்குப் பயமில்லை. எந்த வேலைக்கு என்று குறிப்பிட்டுக் கொடுக்க முடியுமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது அந்தப் போன் டிரஸ்ட். பெயர் நீங்களும் சொல்லவில்லை, நல்லது. எல்லோரும் மோசடி என்று சொல்ல மாட்டேன். ஆனால் தினமும் நாலு முறை கூப்பிட்டு, ஆபரேஷனுக்குக் காத்திருக்கும் குழந்தையின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள" என்று அவசரப்படுத்துகிறவர்களிடம் நான் ஒரு ரூபாயும் கொடுக்க மாட்டேன். பேசுகிற பெண் பிள்ளைக்குச் சம்பளம், கமிஷன், டெலிபோன் பில், ஆபீஸ் வாடகை எல்லாம் உங்கள் காசில்தான். "எண்பத்தைந்து சதவீதம் சேவைக்கே செலவாகிறது, சட்டமே அப்படித்தான்" என்பார்கள். வருமானத்தில் 85 சதவீதத்தை நோக்கத்துக்குச் செலவிட வேண்டும் என்ற விதி இருப்பது உண்மை. அந்தச் செலவுக்குள் நிர்வாகச் செலவும் வந்துவிடும் என்பதைச் சொல்ல மாட்டார்கள்.

எந்த அமைப்பானாலும் கடைசி மூன்று வருட ஆடிட் கணக்கைக் கேளுங்கள். கொடுக்கத் தயங்கினால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். கொடுத்தால் வரவு செலவுக் கணக்கின் செலவுப் பக்கத்தை எடுங்கள். மருத்துவ உதவி என்ற வரியும், சம்பளம், விளம்பரம், "இதர செலவு" என்ற வரிகளும் எப்படி நிற்கின்றன? இதர செலவு கொழுத்திருந்தால் காரணம் கேளுங்கள். பான் எண்ணைக் கேளுங்கள், நன்கொடைக்கு வரிச்சலுகை தருகிற 80ஜி பதிவு எந்தத் தேதி வரை செல்லும் என்று பாருங்கள். 2021க்குப் பிறகு இது ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியது, பழைய சான்றிதழைக் காட்டியே காலம் தள்ளுகிறவர்கள் உண்டு. வருமான வரித்துறை இணையதளத்திலேயே பெயரைப் போட்டுப் பார்க்கலாம். க்யூஆர் ஸ்கேன் செய்தால் டிரஸ்ட் பெயர் வர வேண்டும். நிர்வாகியின் சொந்தப் பெயர் வந்தால் கட்டாதீர்கள். எல்லாவற்றையும்விட, சொல்லாமல் ஒருநாள் நேரில் போங்கள். ஒரு அமைப்பு எந்த லட்சணத்தில் நடக்கிறது என்பது சமையல்கட்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

முதியோர் இல்லத்துச் சாப்பாடு நல்லதுதான். சனி ஞாயிறும் பண்டிகை நாளும் ஏற்கெனவே யாராவது பிடித்திருப்பார்கள், ஒரே நாளில் மூன்று குடும்பம் பிரியாணியோடு வந்து நிற்கும். காலியாக இருக்கிற செவ்வாய், புதன் எது என்று கேட்டுக் கொடுங்கள். அரிசி, எண்ணெய், டயப்பர் என்று கொடுத்தால் இன்னும் நல்லது. குழந்தைகள் இல்லம் என்றால் ஒரு எச்சரிக்கை: சிறார் நீதிச் சட்டம் 2015இன்படி இல்லம் பதிவு பெற்றிருக்க வேண்டும், அங்கிருக்கும் பிள்ளைகளின் அடையாளம் தெரியும்படி படம் வெளியிடுவதும் குற்றம். கேக் வெட்டும் படத்தை ஸ்டேட்டஸில் போடும் ஆசை உங்களில் யாருக்காவது இருந்தால் இப்போதே சொல்லி வையுங்கள்.

அத்தை பெயரில் சொந்த அறக்கட்டளை வேண்டாம். பத்திரம் பதிவு செய்ய வேண்டும், தனி பான், தனி வங்கிக் கணக்கு, வருமான வரிப் பதிவு, வருடா வருடம் ரிட்டர்ன், அதற்கு ஒரு ஆடிட்டர். ஒரு லட்சத்தில் பாதி எங்கள் மாதிரி ஆபீஸுக்கே போய்விடும். மூன்றாம் வருடம் ஏழு பேரில் யார் கையெழுத்துப் போடுவது என்று மனஸ்தாபமும் வரும். பெயர் நிலைக்க வேண்டும் என்பது ஆசையானால், நம்பிக்கையான ஒரு அமைப்பில் மூலநிதியாகக் கொடுங்கள். கோவிலில் கட்டளை எழுதி வைப்பது போன்ற ஏற்பாடுதான். முதல் அப்படியே இருக்கும், வட்டி மட்டும் செலவாகும். ஆறரை சதவீதம் என்று வைத்தால் லட்சத்துக்கு வருடம் 6,500 ரூபாய். அதில் ஒரு ஏழை நோயாளியின் போக்குவரத்து கொஞ்சம் நடக்கும். "மூலநிதிக்கு" என்று எழுத்தில் கொடுக்க வேண்டும். வாயால் சொன்னால் பொது வரவில் சேர்ந்து அந்த வருடமே செலவாகிவிடும்.

வரிச்சலுகை பற்றி வீட்டில் அரைமணி நேரம் பேசியிருப்பீர்கள் என்று தெரிகிறது. பேசிய அளவுக்கு அதில் ஒன்றுமில்லை. புதிய வரி முறையில் இருப்பவருக்கு 80ஜி கிடையாது. 2023-24 முதல் கேட்காமலே எல்லோரும் அந்த முறையில்தான், பழைய முறை வேண்டுமென்றால்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ஓசூர் அண்ணன் பழைய முறையில், 20 சதவீத வரி கட்டுகிறவர், 20,000 கொடுக்கிறார் என்று வைப்போம். அதில் பாதி, 10,000 ரூபாய், வருமானத்தில் கழியும். அதனால் மிச்சமாகிற வரி 2,000 ரூபாய், செஸ் என்ற கூடுதல் வரியோடு 2,080. அவ்வளவுதான். அதுவும் ரொக்கமாக 2,000க்கு மேல் கொடுத்தால் கிடையாது, பொருளாகக் கொடுத்தாலும் கிடையாது. 2026 ஏப்ரல் 1 முதல் 1961ஆம் வருடச் சட்டத்தின் இடத்தில் புதிய வருமான வரிச் சட்டம். பிரிவு எண்கள் மாறினாலும் பேச்சில் 80ஜி என்றுதான் ஓடும்.

ஒரே ஒரு இடத்தில் கவனம். எல்லோரும் அண்ணன் கணக்கில் போட்டு, அண்ணன் ஒட்டுமொத்தமாக அனுப்பினால் முழு ரசீதும் அவர் பான் எண்ணில்தான் வரும். மற்றவர்களுக்குச் சலுகை வேண்டுமென்றால் அவரவர் கணக்கிலிருந்து தனித்தனியாக அனுப்ப வேண்டும். அத்தை பெயரில் ரசீது கேட்காதீர்கள். ரசீது பணம் கொடுத்தவர் பெயரில், அத்தை பெயர் குறிப்பில். யார் எவ்வளவு போட்டார்கள் என்பதை மொய் நோட்டு மாதிரி ஒரு நோட்டில் எழுதி எல்லோருக்கும் படம் எடுத்து அனுப்பிவிடுங்கள். குறைவாகப் போட்டவரைப் பற்றி அதில் ஒரு வார்த்தை வரக்கூடாது.

சிங்கப்பூர்த் தம்பி இன்னும் இந்தியப் பாஸ்போர்ட்தானா? என்றால் சிக்கலில்லை, தன் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர் குடியுரிமை வாங்கிவிட்டார் என்றால், வெளிநாட்டு நன்கொடை வாங்குவதற்கான எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு உள்ள அமைப்புக்கு மட்டுமே கொடுக்கலாம், அதுவும் டெல்லியில் எஸ்.பி.ஐ. முதன்மைக் கிளையில் அந்த அமைப்புக்கு இருக்கும் கணக்குக்குத்தான். சின்ன டிரஸ்ட்டுகளுக்கு அந்தப் பதிவு பெரும்பாலும் இருக்காது. தெரியாமல் அனுப்பி அவர்களை மாட்டிவிடாதீர்கள்.

காசு போடமுடியாத தம்பி தங்கைகள் இருந்தால் ரத்தம் கொடுக்கட்டும். கீமோவில் இருப்பவர்களுக்கு ரத்தமும் தட்டணுவும் (பிளேட்லெட்) அடிக்கடி தேவைப்படும். 18 வயதுக்கு மேல், 45 கிலோவுக்குக் குறையாமல், ஹீமோகுளோபின் 12.5 இருந்தால் போதும். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறை. பிறந்தநாளன்று அறுபது பேரை வரிசையில் நிறுத்தி முகாம் நடத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. தட்டணு ஐந்து நாளுக்கு மேல் தாங்காது, சிவப்பணு ஆறு வாரம் வரைதான். ரத்த வங்கியில் கேட்டு, கல்லூரி விடுமுறையில் முகாம் நடக்காத கோடை மாதத்தில் பத்துப் பத்துப் பேராகப் போவது அவர்களுக்கு உபயோகம்.

அத்தை இதில் எதையுமே சொல்லாமல், "எங்க ஸ்கூலுக்குத் தண்ணி மெஷின் வாங்கிக் கொடுங்க" என்றும் சொல்லலாம். பாலக்கோடு, பென்னாகரம் பக்கம் ஆழ்துளைத் தண்ணீரில் ப்ளோரைடு குடித்துப் பல் காவியேறிய தலைமுறையில் அவரும் ஒருவராக இருக்கலாம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013இல் வந்த பிறகு நிலைமை வேறு. குழாய் அந்தப் பள்ளிக்கு வருகிறதா என்று முதலில் பாருங்கள். ஆர்.ஓ. மெஷின்தான் என்றால் மூன்று வருட சர்வீஸுக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள். புற்றுநோய்க்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று அவரிடம் கேட்காதீர்கள். அவர் பெயரில் கொடுப்பது, அவர் சொன்னதற்குக் கொடுப்பதுதான்.

விளம்பரம் பற்றி ஒரு வார்த்தை. தர்மபுரியில் நன்கொடை விழா என்றால் மைக்கைப் பிடிக்கிறவர் அதியமான் நெல்லிக்கனியில்தான் ஆரம்பிப்பார். அந்தக் கனிக்கு என்ன மகிமை என்பதை வாயைத் திறக்காமல் அவன் அவ்வைக்குக் கொடுத்தான் என்பதை மட்டும் வசதியாக மறந்துவிடுவார். பிளெக்ஸ் வேண்டாம். தலைமுடி உதிர்ந்த நேரத்தில் எடுத்த படம் நாலு ரோட்டில் தொங்குவதை எந்தப் பெண் விரும்புவாள்? பழைய கல்யாணப் படத்தைப் போட்டாலும் "என்னாச்சு இந்தம்மாவுக்கு" என்று கேட்க ஆள் வரும்.

கடைசியாகத் தேதி. பிறந்தநாளை ஒட்டி அத்தையையும் கூட்டிக்கொண்டு இல்லத்துக்கோ மருத்துவமனைக்கோ போக நினைத்தால் காலண்டரில் நல்ல நாள் பார்ப்பதோடு கீமோ தேதியையும் பாருங்கள். ஊசி போட்ட ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை வெள்ளையணு குறைந்து கிடக்கும். கூட்டத்துக்குள் போய் ஒரு சளி ஒட்டினாலும் ஆபத்து. அந்த நாட்களில் காய்ச்சல் 100.4 டிகிரி தொட்டால் மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். அடுத்த ஊசிக்கு முந்தைய சில நாட்கள்தான் அவர் ஓரளவு தெம்பாக இருக்கும் நேரம். ஆனியில் பிறந்தநாள் எந்த வாரத்தில் விழுகிறது என்று அத்தை மகளிடம் கேளுங்கள், டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஒத்துவராவிட்டால் பத்து நாள் தள்ளிப் போட்டுக்கொள்ளலாம்.